தலைக்குள் மந்தாரம்

மண்டபம் வடக்குக் கடற்கரையில் காலை ஆறரை மணிக்கு நண்டு எடை போடும்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். வள்ளம் கரை சேர்ந்ததும் வலையிலிருந்து கழித்த நீலக்கால் நண்டைக் கூடையில் போட்டுத் தூக்கி வருவார்கள். தராசில் ஏற்றியதும் பையன் எடையைச் சத்தமாகச் சொல்வான், நான் நோட்டில் எழுதுவேன், அதற்குள் அடுத்த கூடை ஏறியிருக்கும். நண்டு கம்பெனியில் 17 வருஷமாக இந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன். கால்குலேட்டர் எடுக்காமலே கூட்டிச் சொல்வேன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆவணி மாதக் காலையில் பையன் “முப்பத்தாறு எழுநூறு” என்றான். நான் 63.700 என்று எழுதினேன். அதற்குப் பணமும் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்த வள்ளக்காரர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “தங்கச்சி, நேத்து என் வலையில அவ்வளவு படலையே. எங்கயோ தப்பு நடந்திருக்கு, பாரு” என்றார். நல்ல மனிதர், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஆளாக இருந்தால் 27 கிலோ நண்டுக்கான பணம் என் சம்பளத்தில்தான் போயிருக்கும்.

ஒரு தப்பு என்றால் விட்டுவிடலாம். அந்த மாதத்திலேயே பையனிடம், “அந்த... அது... எடை போடுறது... அதைத் துடைச்சு வை” என்று சொல்லிக்கொண்டு நின்றேன். தராசு என்ற வார்த்தை வரவில்லை. என் கண் முன்னாலேயே இருக்கிறது, அதன் பெயர் மட்டும் எங்கேயோ போய்விட்டது. பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மேகம் மூடி, காற்றும் அடிக்காமல், மழையும் பெய்யாமல், பொழுது அப்படியே புழுங்கிக்கொண்டு கிடக்குமே, அந்த நாளை மந்தாரம் என்போம். என் தலைக்குள் அதுதான் இருந்தது. இணையத்தில் தேடினால் இதற்கு ‘பிரெயின் ஃபாக்’, மூளைப் பனிமூட்டம் என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் கடற்கரையில் பனிமூட்டத்தை யார் கண்டது? ஆகவே நான் மந்தாரம் என்றே எழுதுகிறேன். பெயர் எதுவானாலும் அது ஒரு நோயின் பெயர் இல்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. காய்ச்சல் மாதிரி அது. மலேரியாவிலும் காய்ச்சல் வரும், மூத்திரக்கடுப்பிலும் வரும். காய்ச்சலுக்கு மருந்து எது என்று கேட்டால் எந்தக் காய்ச்சல் என்று திருப்பிக் கேட்பார்கள் இல்லையா, அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. நேராக மருந்தைத் தேடிப் போனேன்.

எனக்கு மருந்து சொன்னது அண்ணன் மகன், எனக்கு மருமகன் முறை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, காலையும் மாலையும் ஜிம். பிள்ளை பாசக்காரன். போனில் நான் இரண்டு தடவை ஒரே கதையைச் சொன்னதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். “அத்தை, இதெல்லாம் இப்ப சரி பண்ணிடலாம். பெப்டைடுன்னு ஒண்ணு இருக்கு. மருந்துகூட இல்ல, நம்ம உடம்புல இருக்கறதுதான்” என்றான். ஒரு பட்டியலும் அனுப்பினான். செமாக்ஸ், செலாங்க், பி.பி.சி.-157 என்று மூன்று பெப்டைடு, அப்புறம் மாத்திரைகளாக மீன் எண்ணெய், ஜின்கோ, கிரியேட்டின், சிங்கப்பிடரிக் காளான். வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி நீளமாக இருந்தது.

மாத்திரைகளில் இருந்து தொடங்கினேன். அதில் முதல் தமாஷ் மீன் எண்ணெய். பகல் முழுக்க மீனும் நண்டும் எடை போட்டுவிட்டு, ராத்திரி பாட்டிலில் இருந்து மீன் எண்ணெய் மாத்திரை எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தேன். பாட்டில் மேலே இருந்தது எங்கள் கடலில் இல்லாத ஏதோ ஒரு மீனின் படம். அம்மா பார்த்துவிட்டு, “சாளை வாங்கிக் குழம்பு வச்சா அந்த எண்ணெய்தானடி வரும்?” என்றாள். அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு மூளைச் செல்களின் சவ்வில் இருப்பது உண்மை. ஆனால் தினமும் மீன் சாப்பிடுகிறவர் அதை மாத்திரையாகவும் சேர்த்துக்கொண்டால் மூளை கூர்மையாகும் என்பது வேறு பேச்சு. அமெரிக்காவில் கண் நோய்க்காக நடந்த ஒரு பெரிய ஆய்வில், வயதானவர்களுக்குப் பல வருஷம் ஒமேகா-3 கொடுத்து நினைவாற்றலையும் சோதித்தார்கள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று 2015-ல் முடிவு வந்தது. ஜின்கோ என்ற மர இலைச் சாற்றின் கதையும் அப்படித்தான். 3,069 முதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் இரண்டு வேளை என்று சில வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008-ல் வெளியிட்டார்கள். எனக்கு ஜின்கோவால் மூக்கில் லேசாக ரத்தம் கசிந்தது. அதனால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நிறுத்திவிட்டேன்.

கிரியேட்டின் பற்றி மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும். 2003-ல் ஆஸ்திரேலியாவில் 45 சைவக்காரர்களுக்குத் தினம் 5 கிராம் வீதம் 6 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நினைவுச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. சாப்பாட்டில் கறியும் மீனும்தான் நமக்குக் கிரியேட்டின் வரும் முக்கிய வழி. அவை இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் பலன் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. என்னைப் போல மூன்று வேளையும் மீன் வாசத்தில் வாழ்கிறவளுக்கு அது அதே அளவு உதவும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இன்னொன்று, கிரியேட்டின் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில் கிட்னிக்காகப் பார்க்கிற கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். சர்க்கரை இருக்கிற என் வயதுக்காரியின் ரிப்போர்ட்டில் அந்த எண் ஏறியிருந்தால் லேப்காரரே கிட்னி போயிற்று என்று பயமுறுத்திவிடுவார். எனக்கு அது நடந்தது. ஒரு வாரம் தூக்கம் இல்லை.

வல்லாரையும் வந்தது. பக்கத்து வீட்டு மதினி ராமநாதபுரம் சந்தையில் கட்டு கட்டாக வாங்கி வந்து கொடுத்தாள். துவையல் அருமை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கடையில் பிராமி என்று கொடுக்கிற மாத்திரை வல்லாரையா, நீர்ப்பிரமியா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு செடி. பிராமி என்ற பேரைச் சில ஊரில் இதற்கும் சில ஊரில் அதற்கும் வைத்திருக்கிறார்கள். நினைவாற்றலுக்கென்று அதிகம் சோதித்துப் பார்த்தது நீர்ப்பிரமியைத்தான். அதிலும் ஏதாவது தெரிய 12 வாரம் ஆகும் என்கிறார்கள். நம் ஆட்கள் பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைக்குத் துவையல் அரைத்துக் கொடுப்பார்கள்.

சரி, பெப்டைடுக்கு வருகிறேன்.

பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. பங்குனி வெயில். கூரியர் பையன் ராமநாதபுரத்தில் இருந்து பைக்கில் எடுத்து வந்திருந்தான். உடைத்தால் தெர்மோகோல் பெட்டி, அதற்குள் ஒரு நீல ஜெல் பை, அதன் நடுவே சுண்டு விரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடி, அலுமினியப் பட்டை. குப்பியின் அடியில் வெள்ளையாக, உப்பளத்தில் காய்ந்த பொருக்கு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே இன்னொரு குப்பியில் தண்ணீர், அதை இதில் ஏற்றிக் கலக்க வேண்டுமாம். இன்சுலின் ஊசியால் எடுத்து வயிற்றில் போட வேண்டுமாம். லேபிளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மருமகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. பேட்ச் எண் இருந்த இடத்தில் மை அழிந்திருந்தது. இந்தியாவில் ஒரு சாதாரணச் சத்து மாத்திரை டப்பாவில்கூட உணவுத் தர ஆணையத்தின் உரிம எண்ணும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் போட வேண்டும். இதில் அது எதுவுமே இல்லை.

ஜெல் பையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நான் மருந்து படித்தவள் இல்லை. ஆனால் ஐஸ் தெரியும். ஒரு பெட்டியைத் திறந்ததும் ஐஸ் எந்த அளவில் இருக்கிறது, எப்போது உடைந்தது, வழியில் வெயிலில் நின்றதா என்று என் கை சொல்லிவிடும். ஐஸ் கரைந்து வெந்நீராக வந்த பெட்டியை நான் இறக்கவே விடமாட்டேன். “எடுத்துட்டுப் போப்பா” என்று லாரியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், எத்தனையோ தடவை. நண்டையும் முதுகு ஓட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். சதை இல்லாத தண்ணி நண்டு வெளியே பார்க்க நல்ல நண்டு மாதிரியே இருக்கும். அப்படிப்பட்ட நான், எங்கே செய்தது, யார் செய்தது, வழியில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று ஒன்றும் தெரியாத ஒரு பொருளை 6,500 ரூபாய் கொடுத்து வாங்கி, அதை ஊசியில் ஏற்றி என் வயிற்றில் குத்திக்கொள்ளப் போகிறேன். அந்த நிமிஷம் தலைக்குள் மந்தாரம் கொஞ்சம் விலகிய மாதிரி இருந்தது.

அன்று போடவில்லை. பிரிட்ஜில் வைத்தேன். போடுவதற்கு முன்னால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் படித்தால் முந்தின பக்கம் மறந்துவிடும். அதனால் எடை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் படித்தேன்.

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சிறு சரம். அதுவே ரொம்ப நீளமானால் புரதம். அம்மா தினமும் போடுகிற இன்சுலின் 51 மணியை இரண்டு சரமாகக் கோத்துப் பிணைத்தது. இப்போது சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் பேசப்படுகிற செமாக்ளூடைடும் பெப்டைடுதான். ஆக, பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று சொல்ல முடியாது. அதே மாதிரி, பெப்டைடு என்றாலே ‘மருந்துகூட இல்லை’ என்றும் சொல்ல முடியாது. இன்சுலினை இரண்டு மடங்கு போட்டுப் பாருங்கள், தெரியும். இந்தச் சரங்களை வாயால் விழுங்கினால் பெரும்பாலும் வயிறு அவற்றைக் கருவாட்டைச் செரிக்கிற மாதிரி செரித்து உதிர்த்துவிடும். அதனால்தான் ஊசி, மூக்குச் சொட்டு என்று சுற்றுவழி. ரத்தத்துக்குள் போனாலும் மூளைக்கு ஒரு வேலி இருக்கிறது, கண்டதையும் உள்ளே விடாது.

செமாக்ஸ் 7 மணிச் சரம். உடம்பில் உள்ள ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் ஒரு துண்டைப் பார்த்து ரஷ்யாவில் செய்தது. அங்கே பக்கவாதத்துக்கு மூக்குச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. என் மாதிரி ஆளுக்கு, பக்கவாதம் இல்லாத வெறும் மறதிக்கு, பெரிய அளவில் யாரும் சோதித்ததாக நான் தேடிய எதிலும் கிடைக்கவில்லை. என் குப்பியில் இருந்தது பி.பி.சி.-157. 15 மணிச் சரம். எலிகளிடம் காயம் ஆறுவதைப் பார்த்த ஆய்வுகள் நிறைய, மனிதர்களிடம் செய்தவை விரல் விட்டு எண்ணுகிற அளவு. 2022 முதல் விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தக் கூடாத பொருட்களின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது. 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பாதுகாப்புக் கவலை இருக்கிறது என்று சொல்லி, மருந்துக்கடைகள் அதைத் தாங்களே கலந்து விற்பதற்குத் தடை போடுகிற வகையில் சேர்த்தது. மூளை மந்தாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மருமகனைக் கேட்டேன். “குடல் சரியானா மூளை சரியாகும் அத்தை” என்றான். அந்த ஒரு வரியை நம்பித்தான் 6,500.

பெப்டைடு என்று தெரியாமலே ஒன்றை எங்கள் குடும்பம் முன்பே பார்த்திருக்கிறது. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பத்து நாள் டிரிப்பில் ஏற்றினார்கள், ஒவ்வொரு நாளும் பில் எகிறியது. செரிப்ரோலைசின். பன்றி மூளையில் இருந்து எடுக்கிற பெப்டைடுக் கலவை. பக்கவாதத்துக்கு அது உதவுகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் குழு, இறப்பைத் தடுப்பதில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2020-ல் எழுதியது. பன்றி என்று தெரிந்திருந்தால் சித்தி கையெழுத்தே போட்டிருக்க மாட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடலுக்குப் போய் வருகிறேன். உண்மையிலேயே மனிதனுடைய நரம்பைத் தொட்ட ஒரு பெப்டைடு எங்கள் கடலில் வாழ்கிற கூம்பு நத்தையின் உறவுக்காரனிடம் இருந்துதான் வந்தது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கம் சங்குக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒடுங்கி, மேலே தறியில் நெய்த மாதிரி கோலம் போட்ட ஓடு. அழகாக இருக்கும், சாவிக்கொத்தில் கோத்து விற்பார்கள். என் தாய்மாமா சங்கு குளிக்கிறவர். பெரியபட்டினம் பக்கம் கடலடிப் பார் மேலே முங்கும்போது அதை உயிரோடு பார்த்தால் தொடவே மாட்டார். “அது ஊசி வச்சிருக்கும் ஆத்தா” என்பார். நிஜம்தான். அதன் பல் ஈட்டி மாதிரி, அதில் விஷம். சில வகை கொட்டி மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அந்த விஷம் பெரும்பாலும் பெப்டைடுதான். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த மக்கின்டாஷ் என்ற இளம் மாணவர் 1970-களின் கடைசியில் அதில் ஒரு சரத்தைத் தனியாக எடுத்தார். 25 மணி. அதைச் செயற்கையாகச் செய்து, சோதித்து, சிகோனோடைடு என்ற பெயரில் வலி மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது 2004 டிசம்பரில். எண்ணிப் பாருங்கள், இருபத்தைந்து வருஷம். அதையும் ஊசியில் எடுத்து வயிற்றில் குத்திக்கொள்ள முடியாது, பம்ப் வைத்து முதுகுத்தண்டு நீருக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேறு எதற்கும் அடங்காத வலிக்கு மட்டும்தான். பக்கவிளைவுகளில் முக்கியமானது என்ன தெரியுமா? குழப்பமும் ஞாபகக் குறைவும். இதைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கடல் அட்டையும் ஞாபகத்துக்கு வந்தது. 2001-ல் இருந்து அதைப் பிடித்தாலே குற்றம், புலியைக் கொன்றால் பாய்கிற அதே சட்டம்தான் இதிலும் பாயும். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்கேயாவது ஒரு தோப்பில் அவித்த அட்டையை மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள் என்று செய்தி வரும். ஏன்? கிழக்கே போய் அது பொடியாகவும் ‘அட்டைப் பெப்டைடு’ பொட்டலமாகவும் மாறுகிறது. எங்கள் ஊர் ஆள் ஜெயிலுக்குப் போகிறான், எங்கேயோ ஒருவர் அதைக் காபியில் கலக்கிக் குடிக்கிறார். இது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமா என்று கேட்டால் தெரியாது, சொல்ல வேண்டும் போல் இருந்தது.

குப்பி பிரிட்ஜில் இருந்த ஒன்பதாம் நாள் காலை. அம்மாவுக்கு 74 வயது, கண்புரை. பிரிட்ஜ் கதவைத் திறந்து, தன் இன்சுலின் என்று கையில் எடுத்து வைத்திருந்தாள். ஊசி இன்னொரு கையில். அது என் குப்பி. “என்னடி, மருந்து உறைஞ்சு போச்சு?” என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

எட்டு வருஷமாக நான் சர்க்கரைக்குப் பார்க்கிற இடம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவேன், மாத்திரையை அப்படியே எழுதித் தருவார்கள். மறதி என்று சொன்னதற்கு “வயசாகுதுல்ல” என்றார்கள். எனக்கு 47. ஆகவே இந்தத் தடவை வேறு ஒரு பெண் டாக்டரிடம் போனேன். தலைநரைத்தவர். குப்பியை மேஜையில் வைத்தேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் எடுத்து வைங்க” என்றார். கைப்பையைக் கவிழ்த்தேன். சர்க்கரைக்கு மெட்பார்மின், எட்டு வருஷம். வயிற்று எரிச்சலுக்குப் பான்டோபிரசோல், மெடிக்கலில் நானே வாங்கி அஞ்சு வருஷம். கருவாட்டுத் தூசிக்குத் தும்மல் வரும், அதற்கு ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை, தூக்கம் வருகிற ரகம். மருமகன் பட்டியலில் மிச்சம் இருந்த சத்து மாத்திரை. “எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்க?” பதினொன்று, மூன்றரை. “கால் எரியுதா, ஊசி குத்துதா?” குத்துகிறது, சர்க்கரை என்று நினைத்தேன். “மாதவிடாய்?” தள்ளித் தள்ளி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். அப்புறம் ரத்தம் எடுக்க எழுதினார்: தைராய்டு, இரும்பு, வைட்டமின் டி, பி12.

பி12 148 வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள்.

நான் நம்பவில்லை. சைவக்காரர்களுக்கு வருவதுதானே அது? மீனிலும் நண்டிலும் பி12 கொட்டிக் கிடக்கிறது. டாக்டர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். சாப்பாட்டில் இருக்கிற பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்து எடுக்கும். அதற்கு அப்புறம் வயிறு சுரக்கிற இன்னொரு பொருள் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசி வரைக்கும் கூட்டிப் போகும், அங்கேதான் ரத்தத்தில் ஏறும். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கிறது. மெட்பார்மின் கடைசிக் கட்டத்தில் ஏறவிடாமல் தடுக்கிறது. முன்வாசலையும் பின்வாசலையும் நானே சாத்தி வைத்துவிட்டு, மீன் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரலில் பல வருஷத்துக்கு வேண்டிய பி12 சேமிப்பு இருக்கும் என்பதால் குறைவது மெதுவாகத்தான் தெரியும். ரத்தசோகை ஏன் காட்டவில்லை என்றால், சத்து மாத்திரையில் இருந்த ஃபோலிக் அமிலம் அதை மூடி மறைத்திருக்கலாம் என்றார். ரத்தம் நன்றாக இருப்பது போலக் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். மெட்பார்மினை நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அது நல்ல மருந்து, பி12-ஐ அப்பப்போ பார்த்திருந்தால் போதும். எட்டு வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, “ஈரல் தின்னச் சொன்னா தின்னியா?” என்றாள். 1926-ல் மைனாட், மர்ஃபி என்று இரண்டு டாக்டர்கள், ஆளைக் கொல்கிற ஒரு வகை ரத்தசோகைக்கு நோயாளிகளை ஈரல் தின்ன வைத்தே பிழைக்க வைத்தார்கள், 1934-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தப் பொருள் பி12 என்று பிரித்தெடுத்தது 1948-ல்தான். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். நோபல் பரிசு தனக்கு வந்தது போல ஒரு வாரம் நடந்தாள்.

முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. ஊசி விலை அந்தக் குப்பியோடு ஒப்பிட்டால் டீக்காசு. பான்டோபிரசோலை டாக்டர் மெல்ல மெல்ல இறக்கினார். ராத்திரி அலர்ஜி மாத்திரையை மாற்றினார், தூக்கம் வருகிற ரகம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தலையில் உட்கார்ந்திருக்குமாம். தூக்கத்துக்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை. நண்டு வள்ளம் விடியலில்தான் வரும், அதற்கு நான் என்ன செய்ய? சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிறேன். மருமகளுக்கு அதில் வருத்தம், கதை பேச ஆள் இல்லையாம்.

இரண்டாம் மாதம் கால் குத்தல் குறைந்தது. வார்த்தைகள் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, நாலைந்து மாதம் ஆயிற்று. முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குமேல் கணக்குப் பார்த்தால் இன்னும் தடுமாறுகிறேன். மாதவிடாய் நிற்கிற வயதில் பலருக்கு இப்படி இருக்கும், இதில் கொஞ்சம் அதனாலும் இருக்கும் என்றார் டாக்டர். அதனால் பெரிய கூட்டலைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். எடையைப் பையன் சொன்னதும் நானும் ஒரு தடவை சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். வள்ளக்காரர்களுக்கும் இது பிடித்துவிட்டது, இப்போது அவர்களும் சேர்ந்து சொல்கிறார்கள், ஏலம் போடுகிற மாதிரி இருக்கிறது.

குப்பியை டாக்டரின் கிளினிக்கிலேயே மருத்துவக் கழிவில் போட்டுவிட்டோம். மருமகனுக்குச் சொன்னபோது முதலில் கொஞ்சம் கோபம், அப்புறம் மெதுவாக, “அத்தை, அந்த டெஸ்ட் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டான். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருஷமாகப் பாலும் தொடாத சுத்த சைவமாம், எனக்கே அப்போதுதான் தெரியும்.

மாத ஊசி ஒன்றாம் தேதி. போன மாதம் மறந்துபோய், ஆறாம் தேதிதான் ஞாபகம் வந்தது.